499 ரூபாய் நெட் கனெக்‌ஷன் 6,200 ரூபாய் ஆவது எப்படி? டெல்டா வீடுகளுக்கான கேள்வி பதில்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஃபைபர் நெட் விளம்பரத் தட்டி தொங்குகிறது. தட்டியில் இருப்பது ஒரு விலை. லைன் இழுத்து முடிப்பதற்குள் கையை விட்டுப் போவது வேறு விலை. இடையில் எங்கெங்கே காசு கூடுகிறது, எது நியாயம், எதைக் கொடுக்கவே வேண்டாம், கொடுத்துவிட்டதை எப்படித் திரும்ப வாங்குவது என்று இங்கே எழுதியிருக்கிறோம். எல்லாப் பதிலுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கம்பி வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் மொத்தத் தொகை எழுத்தில் வந்துவிட வேண்டும்.

தட்டியில் மாதம் 499 என்று இருக்கிறது. முதல் நாளே ஆறாயிரத்துக்கு மேல் கேட்கிறார்களே?

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்குப் போகும் வழி மாறாது.

தட்டியின் அடியில் பொடி எழுத்தில் '6 மாத பிளான்' என்று இருக்கும். 499 × 6 = 2,994 ரூபாய். இன்ஸ்டலேஷன் 1,000. இரண்டும் சேர்ந்து 3,994. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 718 ரூபாய் 92 காசு. ஆக 4,712.92. ரூட்டருக்கு டெபாசிட் 1,500. மொத்தம் 6,212 ரூபாய் 92 காசு.

டெபாசிட் திரும்பி வரும் என்றே வைத்துக்கொண்டு அதைக் கழித்தாலும் மாதத்துக்கு 785 ரூபாய் விழுகிறது. டெபாசிட் வராமல் போனால் 1,035 ரூபாய். 499-ஐ மனதில் வைத்துக்கொண்டு வேறு கம்பெனியின் 699-ஐ வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பீர்கள். அந்த 699-இல் மாதாமாதம் கட்டும் வசதியும் இலவச இன்ஸ்டலேஷனும் இருந்திருந்தால், வரியோடு 824.82 தான். ஆறு மாதத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளும் நிலையும் இல்லை. ஒப்பிடும்போது மாத விலையைப் பார்க்காதீர்கள். முதல் 12 மாதத்தில் மொத்தம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை 12-ஆல் வகுத்துப் பாருங்கள்.

ஜிஎஸ்டியைத் தனியாகப் போடலாமா?

தொலைத்தொடர்புச் சேவைக்கு 2017 ஜூலை 1 முதல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது அரசுக்குப் போகும் பணம். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. விலையைக் காட்டும்போது வரியையும் மற்றக் கட்டணங்களையும் மறைத்து, கடைசிக் கட்டத்தில் ஒவ்வொன்றாக வெளியே எடுப்பதுதான் தப்பு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் அறிவித்த வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டிருக்கின்றன. விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவது அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, 'இன்றோடு ஆஃபர் முடிகிறது' என்று பொய் அவசரம் காட்டுவது, சேர்வதை எளிதாக்கிவிட்டு வெளியேறுவதைக் கடினமாக்குவது இவையும் அதில் உண்டு. புகார் எழுதும்போது இந்த நெறிகளின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

உங்களிடம் ஜிஎஸ்டி வாங்கினால் பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எண் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பெயர் என்று இலவசமாகத் தெரியும். எண் இல்லாத துண்டுச் சீட்டில் 'ஜிஎஸ்டி 18%' என்று எழுதியிருந்தால் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை. பதிவு இல்லாதவருக்கு வரி வசூலிக்க உரிமை கிடையாது.

லைன் எடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

வாயால் கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பில் கேளுங்கள். கீழே உள்ளதை அப்படியே அனுப்பலாம்:

'முதல் நாள் நான் கட்ட வேண்டிய மொத்தத் தொகை ஜிஎஸ்டியோடு எவ்வளவு? அடுத்த ரினீவலுக்கு ஜிஎஸ்டியோடு எவ்வளவு? ரூட்டர் என்னுடையதா கம்பெனியுடையதா? டெபாசிட் எவ்வளவு, லைனை நிறுத்தினால் எத்தனை நாளில் திரும்ப வரும்? எத்தனை மீட்டர் கேபிள் இலவசம், அதற்கு மேல் மீட்டருக்கு எவ்வளவு? எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், எவ்வளவாகக் குறையும்? குறைந்தபட்சம் எத்தனை மாதம் இருக்க வேண்டும், முன்பே நிறுத்தினால் என்ன கட்டணம்?'

பதில் எழுத்தில் வந்தால் அது பின்னால் சாட்சி. 'நேரில் வந்து சொல்றேன் சார்' என்று மட்டும் வந்தால், அந்த ஆளிடம் அன்றைக்கே பணம் கொடுக்க வேண்டாம்.

கேபிள் மீட்டர் விஷயம் நம் பக்கத்தில் முக்கியம். தெருவில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும் கும்பகோணம் அக்ரகாரத்துக்கு 30 மீட்டர் போதும். வயலுக்கு நடுவில், தென்னந்தோப்புக்குள் வீடு இருந்தால் 300 மீட்டர் ஆகும். வேலை முடிந்த பிறகு மீட்டர் கணக்குச் சொல்வார்கள். கம்பத்துப் பெட்டியிலிருந்து வீடு வரைக்கும் முன்னாலேயே ஒரு தடவை நடந்து அடி அளந்துவிடுங்கள்.

'ரூட்டர் இலவசம்' என்றார்கள். பில்லில் 1,500 இருக்கிறதே?

ரூட்டருக்குப் பணம் வாங்குவதில் மூன்று வழி இருக்கிறது: விலைக்கு விற்பது, மாத வாடகை, திரும்பத் தரும் டெபாசிட். விற்பனையாளர் மூன்றையும் 'ரூட்டர் சார்ஜ்' என்ற ஒரே சொல்லில் மூடிவிடுகிறார். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. திரும்பத் தர வேண்டிய டெபாசிட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அது சேவையின் விலை ஆகாது. ஆகவே 'டெபாசிட்' என்று சொல்லி அதன் மீதும் 18 சதவீதம் போட்டிருந்தால், 1,500-க்கு 270 ரூபாய் கூட்டி 1,770 ஆக்கியிருந்தால், கம்பெனி கணக்கில் அது டெபாசிட்டாக இல்லை என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

விலைக்கு வாங்கியிருந்தால் ரூட்டரின் சீரியல் எண்ணோடு பில் வேண்டும், உத்தரவாதக் காலம் வேண்டும். வாடகை என்றால் எத்தனை மாதம் கட்டினால் ரூட்டரின் விலையைத் தாண்டுகிறது என்று பாருங்கள். மாதம் 99 வாடகை, வரியோடு 116.82. ஒன்றரை வருஷத்தில் 2,100 ரூபாய் ஆகிவிடும்.

சொந்த ரூட்டர் வாங்கிப் போடலாமா என்றால், ஃபைபரில் பாதிதான் சாத்தியம். கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியின் எண்ணைக் கம்பெனி தன் கணினியில் பதிந்திருக்கும். வேறு பெட்டி போட்டால் லைன் ஏறாது. ஆனால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் உங்கள் சொந்த வைஃபை ரூட்டரைச் சேர்த்துக்கொள்வதற்கு ஒரு தடையும் இல்லை.

100 எம்பிபிஎஸ் என்றார்கள். டவுன்லோடு 12 தான் காட்டுகிறது. ஏமாற்றா?

முதலில் அலகைப் பாருங்கள். கம்பெனி சொல்வது மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது பிரவுசர் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. அப்படியானால் உங்கள் லைன் சரியாகவே இருக்கிறது. ஸ்பீடு டெஸ்டிலேயே 30, 40 என்று வந்தால்தான் சண்டைக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக்குள் மூன்று இடத்தைப் பாருங்கள்.

ஒன்று, வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள ஒற்றை ஆன்டெனா ரூட்டரில் அடுத்த அறையில் 100 வராது. பழைய சுட்ட செங்கல் சுவர், முற்றம் வைத்த வீடுகளில் இன்னும் மோசம். லேப்டாப்பைக் கேபிளில் நேராக இணைத்து, மற்ற போன், டிவியின் வைஃபையை அணைத்துவிட்டு டெஸ்ட் எடுங்கள்.

இரண்டாவது, அந்தக் கேபிள். அதன் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நிறமும், ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கோடு போட்ட ஜோடியும் சேர்ந்து 8 கம்பி இருக்க வேண்டும். செலவைக் குறைக்க 4 கம்பி மட்டும் முறுக்கியிருந்தால் அந்த வழியில் 100-க்கு மேல் போகாது. டெஸ்டில் 95 வாக்கில் நின்றுவிடும். 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டிக்கொண்டு 4 கம்பிக் கேபிளில் ஓட்டினால் மூன்றில் இரண்டு பங்குப் பணம் வீண்.

மூன்றாவது, ரூட்டரின் போர்ட். பழைய பெட்டிகளில் கேபிள் துளையே 100 தான் தாங்கும். அந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டு 200, 300 பிளானை விற்பது நேரடியான மோசடி. அமெரிக்காவில் இதற்காகவே பெரிய வழக்கு நடந்தது. சொன்ன வேகத்தைக் கொடுக்க முடியாத பழைய மோடம்களை வாடகைக்கு விட்டது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில், சார்ட்டர் நிறுவனம் 2018 டிசம்பரில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலுடன் 17.42 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது.

மூன்றும் சரியாக இருந்தும் வேகம் இல்லையென்றால் காலை 7, மதியம் 2, இரவு 9 என்று மூன்று நாள் கேபிளில் டெஸ்ட் எடுத்து, தேதி நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் வையுங்கள். இரவில் மட்டும் விழுகிறது என்றால் கம்பெனி தன் கொள்ளளவுக்கு மேல் ஆள் சேர்த்திருக்கிறது.

அன்லிமிடெட் என்பது உண்மையில் எவ்வளவு?

வீட்டு ஃபைபரில் பல கம்பெனிகள் மாதம் 3,300 ஜிபி என்று வரம்பு வைத்திருக்கின்றன. நாளைக்கு 110 ஜிபி. மிகத் தெளிவான 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும்; சாதாரணக் குடும்பத்துக்கு இந்த வரம்பு தட்டுப்படாது. சின்ன கம்பெனிகளின் 'அன்லிமிடெட்' 300 ஜிபியில் முடிவதும் உண்டு. அங்கேதான் கவனம் வேண்டும். வரம்பு எவ்வளவு, அதற்குப் பிறகு என்ன வேகம் என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-இலேயே உத்தரவிட்டிருக்கிறது.

'ஏர் ஃபைபர்' என்பதும் ஃபைபர்தானே?

இல்லை. மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்து, செல்போன் டவரிலிருந்து 5ஜி அலையைப் பிடித்துக் கீழே வைஃபையாகக் கொடுப்பது அது. வீட்டுக்கு இழை வராது. டவர் கூட்டமாகும் நேரத்தில் வேகம் இறங்கும். மாத வரம்பும் ஃபைபரைவிடக் குறைவு. 1,000 ஜிபி வழக்கமாக இருக்கிறது. இழை போக முடியாத தோப்பு வீட்டுக்கு இது நல்ல வழிதான். ஃபைபர் என்று சொல்லி இதை மாட்டிவிட்டுப் போவதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பில்லில் ஓடிடி, ஆன்டிவைரஸ், பாட்டு ஆப் என்று 49, 99 சேருகிறதே?

'மூன்று மாதம் ஃப்ரீ' என்று சேர்த்துவிட்டு நான்காவது மாதம் பில்லில் ஏற்றுவது பழக்கம். சேரும் அன்றைக்கே விண்ணப்பப் படிவத்தில் என்னென்ன பெட்டியில் டிக் போட்டிருக்கிறது என்று பாருங்கள். விற்பனையாளரின் செல்போன் திரையில் படிவம் இருந்தால் வாங்கி, மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்துவிட்டு ஓடிபி சொல்லுங்கள். ஓடிபி சொன்ன பிறகு அது உங்கள் கையெழுத்து.

செல்போன் எண்ணில் காலர் டியூன், ஜோசியம் மாதிரிச் சேவை தானாக ஏறியிருந்தால் 155223 என்ற எண்ணுக்கு அழைத்தோ எஸ்எம்எஸ் அனுப்பியோ நிறுத்தலாம். செலவில்லை.

ஆட்டோபே போட்டிருந்தால், பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னால் அறிவிப்பு வர வேண்டும். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி அது. யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' அல்லது 'மேண்டேட்' என்ற பகுதிக்குப் போய் அதை நீங்களே ரத்து செய்யலாம். கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

28 நாள் பிளானில் என்ன பிரச்சினை?

வருஷத்துக்கு 12 தடவைக்குப் பதிலாக 13 தடவை கட்டுகிறீர்கள். செல்போன் ப்ரீபெய்டில் 30 நாள் செல்லும் பிளான் ஒன்றாவது, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. கடைக்காரர் காட்ட மாட்டார். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சேர்ந்து மூன்றாவது மாதமே ரேட் ஏற்றிவிட்டார்கள்.

ஏற்றக் கூடாது. ஒரு கட்டணத் திட்டத்தில் சேர்ந்தால் 6 மாதத்துக்கு அதே விலையில் கொடுக்க வேண்டும் என்பது டிராயின் கட்டண உத்தரவு. ஒரு வருஷத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தால் அந்த வருஷம் முழுக்க.

எங்கள் ஊரில் கேபிள்காரர்தான் நெட்டும் கொடுக்கிறார். பில் கேட்டால் சங்கடப்படுகிறார்.

டெல்டா கிராமங்களில் பல வீடுகளுக்கு நெட் வருவது இப்படித்தான். கம்பெனி வேறு, இழையை இழுத்துப் பராமரிப்பவர் ஊர்க்காரர். மழையில் நனைந்துகொண்டு கம்பத்தில் ஏறுபவரும் அவர்தான். அவர் மீது வருத்தப்படாமலேயே பில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கையில் கொடுத்த பணம் கம்பெனி கணக்கில் ஏறாவிட்டால், புகார் செய்யும்போது 'நீங்கள் எங்கள் வாடிக்கையாளரே இல்லை' என்று கம்பெனி கைவிரித்துவிடும்.

'அண்ணே, காசு உங்ககிட்டயே தர்றேன், கம்பெனி ஆப்ல பில் போட்டுடுங்க, அந்த மெசேஜ் என் நம்பருக்கு வரணும்' என்று சொன்னால் போதும். அவருடைய செல்போன் எண்ணையே உங்கள் கணக்கில் பதிந்திருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அறிவிப்பு, ஓடிபி எல்லாம் அவருக்கே போகும். சேவைக்கு ரசீது தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

அறுவடை வண்டி கம்பியை அறுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் 300 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

நம் பக்கத்துக்கே உரிய கேள்வி. நெல் அறுவடை இயந்திரம், வைக்கோல் ஏற்றிய லாரி போகும் பாதையில் இழை தாழத் தொங்குகிறது, மாட்டி அறுகிறது. வரப்போரம், ஓட்டுக் கூரைக்குள் எலி கடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகைப் புயல் மழையில் கம்பமே சாய்கிறது.

யார் செலவு என்று தெரிய, எங்கே அறுந்தது என்று பாருங்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டினால் இழையில் வெளிச்சம் வரவில்லை, பழுது கம்பியில். விளக்கெல்லாம் பச்சையாக இருந்து நெட் மட்டும் வராவிட்டால் பழுது கணக்கிலோ கம்பெனியிலோ. கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுப் பெட்டி வரை உள்ள கம்பி கம்பெனியின் உடைமை என்று ஒப்பந்தத்தில் இருந்தால், உங்கள் தவறு இல்லாமல் அறுந்ததற்கு நீங்கள் பணம் கொடுக்கத் தேவையில்லை. வீட்டுக்குள் கதவு இடுக்கில் நசுங்கினால் அது உங்கள் செலவு. பாதையைக் கடக்கும் இடத்தில் உயரமாகக் கட்டச் சொல்லி லைன் போடும் அன்றைக்கே நில்லுங்கள். கம்பம் நட வசதி இல்லையென்றால் வாய்க்கால் மதகு வழியாகக் குழாய்க்குள் விட்டு எடுக்கச் சொல்லலாம்.

அறுந்த அன்றைக்கே ஆப்பிலோ கால் சென்டரிலோ புகார் பதிந்து எண் வாங்கிவிடுங்கள். கேபிள்காரருக்குப் போன் அடித்தது கம்பெனி கணக்கில் புகாராக ஏறாது. எண் இருந்தால்தான் எத்தனை நாள் நெட் இல்லை என்று காட்டி அந்த நாள்களுக்குக் கட்டணக் கழிவோ வேலிடிட்டி நீட்டிப்போ கேட்க முடியும்.

'உங்கள் பழைய கம்பெனியை நாங்கள் வாங்கிவிட்டோம்' என்று வாசலுக்கு வந்து நிற்கிறார்கள்.

பழைய கம்பெனிக்கு நீங்களே போன் செய்து கேட்கும் வரை எதிலும் கையெழுத்து வேண்டாம். பகலில் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடாகப் பார்த்து வருவது வழக்கம். அப்பா அம்மாவிடம் 'ஓடிபி மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க' என்று சொல்லி வையுங்கள். ஆதார் நகல் கொடுத்தால் குறுக்கே 'இந்த நெட் இணைப்புக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். செல்போன் எண்ணைப்போல வீட்டு பிராட்பேண்டை அப்படியே வேறு கம்பெனிக்கு மாற்றும் வசதி கிடையாது. 'போர்ட் பண்ணித் தர்றோம்' என்றால் புது இணைப்புத்தான் விற்கிறார்கள். பழையதை நீங்கள் தனியாக மூடாவிட்டால் இரண்டு பில்லும் ஓடும்.

நிறுத்தச் சொல்லியும் பில் வந்துகொண்டே இருக்கிறது.

நிறுத்தும் கோரிக்கையை ஆப்பிலோ மின்னஞ்சலிலோ கொடுத்து எண் வாங்குங்கள். ரூட்டரையும் அடாப்டரையும் சீரியல் எண் தெரியப் படம் எடுத்துவிட்டு, வாங்கிப் போகிறவரிடம் எண், தேதி, பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட் வராமல் போவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம் 'ரூட்டர் வந்து சேரவில்லை' என்பதுதான். ஆட்டோபேயை அன்றே நிறுத்துங்கள்.

புகாரை எந்த வரிசையில் கொண்டுபோவது?

முதலில் கம்பெனியின் புகார் மையம். புகார் எண் கட்டாயம் வாங்குங்கள். அங்கே தீராவிட்டால், பெரிய கம்பெனிகளில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருப்பார். டிராயின் 2012 விதிமுறைப்படி 30 நாளுக்குள் அவரிடம் கட்டணமில்லாமல் மேல்முறையீடு செய்யலாம், 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. அங்கே அனுப்பிவிட்டுக் காத்திருந்து நாளை வீணாக்காதீர்கள்.

அதோடு சேர்த்து 1915-க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். பல பில் தகராறுகள் இங்கிருந்து கம்பெனிக்குப் போகும் ஒரு கடிதத்திலேயே முடிந்துவிடுகின்றன.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். தொலைத்தொடர்பு வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் செல்லாது என்று கம்பெனி வக்கீல் வாதிட்டால், 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டதைக் காட்டுங்கள்.

மனுவோடு இணைக்க வேண்டியவை: தட்டி அல்லது நோட்டீஸின் படம், லைன் எடுக்கும் முன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், விண்ணப்பப் படிவ நகல், ஒவ்வொரு பில்லும், யுபிஐ வரவு செலவுப் பக்கம், புகார் எண்களும் தேதிகளும், ஸ்பீடு டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட், ரூட்டர் ஒப்படைத்த ரசீது. வாட்ஸ்அப் படங்களில் எதிராளியின் எண்ணும் தேதியும் தெரியும்படி எடுங்கள். பெயர் மட்டும் தெரிந்தால் அது யார் என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் தலையில் விழும்.